எஃகு சொல்லிவிட்டு உடையும்

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் காலையில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும், எது நல்லது என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குச் சர்க்கரையாம். டாக்டர் தினமும் இருபது கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லியிருக்கிறாராம். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள், மேடம். நாமக்கல்லில் நல்ல சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் பதினோரு வருடமாக என்னிடம்தான் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக எனக்குத் தெரிந்தது தெரியாமல் போய்விடாது.

நானும் பதில் சொன்னேன். எல்லோரும் முதலில் விலையைக் கேட்பார்கள், கடைக்காரன் உயரத்தைக் கேட்பான். நான் கேட்பது வேறு. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், கூட என்ன எடுத்துப்போவீர்கள், எதை நம்பி மலை இறங்குவீர்கள்? ரைட்டர் கடைசிக் கேள்விக்கு விழித்தார். எல்லோரும் அங்கேதான் விழிப்பார்கள்.

என் பெயர் மருதாசலம். வயது ஐம்பத்தாறு. சேலம் ரோட்டில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த வளைந்த எஃகுப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். மொத்தச் சுமையும் அதன் மேல்தான். முப்பது வருடமாக அந்தப் பட்டைகளோடு பழகியதில் எனக்கு ஒன்று தெரியும். எஃகு உடையும், ஆனால் சொல்லிவிட்டு உடையும். முதலில் வளைந்துகொடுக்கும், பிறகு முனகும், பிறகு மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும், அதில் துரு ஏறும். பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே சேதி வந்துவிடும். இப்போது சைக்கிளுக்குப் போடுகிறார்களே கார்பன் நார், அது அப்படியில்லை. நேற்றுவரை நன்றாக இருக்கும், இன்றைக்குக் கையில் இருக்காது. இது என் அபிப்பிராயம் அல்ல. எனக்குத் தெரிந்த விஷயம்.

எங்கள் ஊர் லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓட்டுகிறவன் தன் வண்டியைத் தானே பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. தன் வண்டியில் இருக்கும் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். கிளீனரோ பக்கத்து வண்டி டிரைவரோ ஒரு சுற்று வந்து, டயரைத் தட்டி, போல்ட்டைத் தொட்டு, 'சரி' என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவை நான் ஆரம்பித்தபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தேன். பதினான்கு பேர். காலை ஐந்தரைக்குக் கோட்டை அடிவாரத்தில் கூடுவோம். நான் பதினான்கு சைக்கிளையும் ஒரு சுற்று பார்ப்பேன். நான் 'சரி' சொல்லாமல் ஒருவரும் பெடலில் கால் வைத்ததில்லை.

அறிவுச்செல்வி போன வருடம் சித்திரையில் வந்து சேர்ந்தாள். கோழிப் பண்ணைகளுக்குப் போகும் கால்நடை டாக்டர், முப்பத்தைந்து வயது. வாரம் முழுவதும் காரில் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவள். அவளுக்கு ஓர் ஆசை. பொங்கல் லீவில் தனியாக, சைக்கிளிலேயே, நான்கு நாளில் தனுஷ்கோடி போக வேண்டும். அவளுடைய அப்பா இறந்தபோது கடைசிக் காரியத்துக்கு அவளை அங்கே அழைத்துப்போகவில்லையாம், பெண்பிள்ளை என்று. "நானா மிதிச்சுப் போய் ஒரு கும்புடு போட்டுட்டு வாரேனுங்கண்ணா, அவ்வளவுதான்" என்றாள். அதற்கு ஒரு சைக்கிள் வேண்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு என் பட்டறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். அவள் தொடர்ந்து நான்கு சனிக்கிழமை வந்தாள், நோட்டும் பேனாவுமாக. ஒன்றும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். பந்தய சைக்கிள் வேண்டாம், குனிந்தே ஓட்டினால் இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாக, சக்கரங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கிற நீண்ட தூர ரோடு சைக்கிள் எடு. முப்பத்திரண்டு எம்.எம். டயர் போட இடம் இருக்க வேண்டும், நம் ரோட்டுக்கு அதற்குக் குறைந்தால் கை மரத்துப்போகும். பின்னால் பை மாட்டக் கேரியர் ஓட்டைகள் இருக்கிறதா பார். ஏற்றத்துக்கு லேசான கியர் முக்கியம், வீம்புக்குப் பெரிய கியர் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, முடிவாகச் சொன்னேன். ஃபிரேமும் எஃகு, ஃபோர்க்கும் எஃகு.

ஃபோர்க் என்றால் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கழுத்துக் குழாயாக மேலே ஏறி ஹேண்டில்பாரோடு சேருகிற பாகம். அது போனால் எல்லாமே போனது. அவள் அதையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். என் கண்ணால் பார்த்தேன்.

ஆடி மாதம் சூரமங்கலம் பக்கம் ஒரு கடையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். சாம்பல் நிறம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க்.

"நீங்க சொன்ன ஸ்டீல் வண்டியையும் ஓட்டிப் பாத்தனுங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது. ஆனா ரெண்டரைக் கிலோ கூடுதலுங்க, ஏத்தத்துல என்ற முழங்காலு தாங்கலை. இந்த ஃபோர்க்கு ரோட்டு அதிர்ச்சிய கைக்கு உடறதில்லீங்க. மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியேதான் பாத்து எடுத்தேன்."

மற்றதெல்லாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் அனுப்பியது போல இருந்தது எனக்கு. என்னிடம் கேட்காமல் வாங்குகிறவனோடு எனக்குச் சண்டையில்லை, அவன் பாடு. நான்கு சனிக்கிழமை கேட்டு, எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு வேறு ஒன்றை வாங்கினாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "வர்ற பொங்கலுக்குள்ள இந்த ஃபோர்க்கு ஒடையும். எழுதி வெச்சுக்க."

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை. "ஒடையாம நீங்கதான் பாத்துக்கோணுமுங்கண்ணா" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். முடியவிடாதது மதன். எங்கள் குழுவில் வாய் ஓயாதவன், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் வேலை. அடுத்த ஞாயிறு முதல் சேந்தமங்கலம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், ஆரம்பித்துவிடுவான். "அண்ணா, பொங்கலுக்கு இன்னும் எத்தன நாளுங்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேச மாட்டேன். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். "சும்மா இருங்க மதன், அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான சொன்னாரு" என்பாள். மதனின் கேலியையாவது தாங்கிக்கொள்ளலாம். அவள் எனக்காகப் பரிந்து பேசியபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

புரட்டாசியில் மதன் புது சைக்கிள் வாங்கினான். அவள் வைத்திருப்பது போலவே. என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டான். அடுத்து இன்னும் இரண்டு பேர். சனிக்கிழமை நாலு மணிக்கு நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் ஸ்டேஷனுக்குள் வருகிறவர்கள் உங்களைத் தாண்டிப் போய், போன மாதம் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிளிடம் மனு கொடுத்தால் தெரியும்.

இனிச் சொல்லப்போவதை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்.

குழுவோடு ஏற்காடு போன அன்றைக்குக் காலையில் என் சுற்றில் அவள் சைக்கிளிடம் வந்தபோது, ஹேண்டில் கழுத்தில் இருக்கிற போல்ட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கினேன். கார்பன் குழாய் அந்த நெருக்கலைத் தாங்காது என்று படித்திருந்தேன். இது சோதனைதான். நல்ல பொருளாக இருந்தால் தாங்கட்டும், இல்லையென்றால் ஏற்றத்திலேயே மெதுவாகத் தெரிந்துவிடட்டும். அவள் ஏறி இறங்கி வந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் மேட்டூர் போனோம். இந்த முறை அந்தக் குழாய்க்குள் முட்டுக் கொடுத்திருக்கும் சின்னப் பாகத்தையும் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். போக வர நூற்றைம்பது கிலோமீட்டர், பாதி ரோடு பல்லாங்குழி. அணைக்கட்டுப் பூங்காவில் எல்லோரும் மீன் சாப்பிட்டார்கள். அவள் அசதியே இல்லாமல் திரும்பி வந்து, "கையே வலிக்கலீங்கண்ணா" என்றாள். அன்றைக்கு நான் அவளை வெறுத்தேன்.

மார்கழியில் அவளே சைக்கிளைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டாள். பயணத்துக்குக் கேரியர் மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். "உங்க கை பட்டாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். ஆட்கள் சாப்பிடப் போன மதிய நேரம். கேரியரை நன்றாகவே மாட்டினேன், நான்கு போல்ட்டுக்கும் பசை வைத்து மாட்டினேன். பிறகு ஃபோர்க்கை இறக்கி, வெளியே தெரியாத இடத்தில் கழுத்துக் குழாயை ரம்பத்தால் முக்கால் பங்கு அறுத்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. தூளைத் துடைத்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, சைக்கிளையும் துடைத்து வைத்தேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் கணக்குப்படி அடுத்த ஞாயிறு, சேந்தமங்கலத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் அது போய்விட வேண்டும். மெதுவாகப் போகும் இடம். முழங்கால் சிராயும், மதன் வாயை மூடுவான், அவள் தனுஷ்கோடிக்கு ஓர் எஃகு சைக்கிளில் போவாள். அந்த எஃகு சைக்கிளை நானே தேடியும் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு கொல்லிமலை. பயணத்துக்கு ஒத்திகை என்று பைகளில் தண்ணீர் பாட்டில்களும் போர்வையும் நிரப்பி எடுத்து வந்திருந்தாள். கோட்டை அடிவாரத்தில் ஒரு சுற்று வந்து 'சரி' சொன்னேன். வேகத்தடை வந்தது, ஏறி இறங்கினாள், போய்க்கொண்டே இருந்தாள். காரவள்ளியில் மலை ஆரம்பிக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எழுபதிலும் அவளுக்குப் பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு பலகையிலும் இப்போது, இப்போது என்று இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் ஏறினாள். அது உடையவில்லை.

சோளக்காட்டில் அன்னாசி வாங்கித் தின்றோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், நிறுத்தியிருக்கலாம். என்ன சொல்லி நிறுத்துவது? ஃபோர்க் அறுந்திருக்கிறது என்றால் அறுத்தது யார் என்று வரும். சும்மா சந்தேகமாக இருக்கிறது என்றால் மதன் விழுந்து விழுந்து சிரிப்பான். தவிர, பொங்கலுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

இறங்குவதற்கு முன் வழக்கம்போல் ஒரு சுற்று வந்தேன். அவள் சைக்கிளிடம் வந்தபோது குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு லேசாக ஓர் ஆட்டம் தெரிந்தது.

"எறங்கலாங்களாண்ணா?" என்றாள்.

"போ சாமி" என்றேன்.

நாற்பத்தொன்றாவது வளைவு. சத்தம் பெரிதாக இல்லை, முறுக்கை ஒடித்தாற்போல. ஹேண்டில்பார் அவள் கையோடு வந்துவிட்டது. தடுப்புச் சுவர் அங்கே தாழ்வு. மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்குள் போய் விழுந்தாள். முதலில் இறங்கி ஓடியது நான்தான், விசாரித்துப் பாருங்கள். மதன் அவளைத் தூக்க வந்தான். முதுகெலும்பு அடிபட்டவர்களைத் தூக்கக் கூடாது என்று அவனை விலக்கிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை ஐம்பது நிமிஷம் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் இல்லையென்றால் அன்றைக்கே போயிருப்பாள் என்று டாக்டரே சொன்னார்.

பத்தாம் நாள் சேலம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். பொங்கல் முடிந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இடுப்புக்குக் கீழ ஒண்ணுந் தெரியலீங்கண்ணா" என்றாள். பிறகு, "நீங்க அத்தன தடவ சொன்னீங்க. நாந்தான் கேக்கலை" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அதுதான், வேறெதுவும் இல்லை. "பரவால்ல சாமி" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். திரும்பும் வழியில் ராசிபுரத்தில் இறங்கி வயிறாரச் சாப்பிட்டேன். ஆடியிலிருந்து அப்படிச் சாப்பிட்டு எனக்கு நினைவில்லை.

உடைந்த சைக்கிளை அவள் வீட்டார் பார்க்கவே பிடிக்காமல் என் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபோர்க்கை மட்டும் கழற்றி, பெஞ்சுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். அதை ஏன் ஒளிக்கவில்லை என்கிறீர்கள். ஏன் ஒளிக்க வேண்டும்? நாலு பேர் பார்க்கத்தானே மாட்டினேன். சனிக்கிழமை நாலு மணிக்கு பெஞ்ச் மறுபடி நிரம்பியது. மதன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து, "இதுக்கு ஸ்டீல் ஃபோர்க்கு மாட்ட முடியுங்களாண்ணா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மாட்டிக்கொடுத்தேன்.

பச்சமுத்து என் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறவன். என் வயதுதான். உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும், உடைந்த முகத்தில் எது பழைய விரிசல், எது நேற்று போனது, சுமையா, பள்ளமா எல்லாம் சொல்லிவிடுவான். ஒரு நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக அந்த ஃபோர்க்கைக் கழற்றியவன், பழக்க தோஷத்தில் வாசலுக்கு எடுத்துப்போனான். வெகு நேரம் அங்கேயே நின்றான்.

"மொதலாளி, இதுல முக்காவாசி ஒடஞ்சதில்லீங்க. அறுத்தது."

"கார்பன் அப்பிடித்தான் ஒடையும்" என்றேன்.

"ரம்பத் தடம் வரிவரியாத் தெரியுதுங்க" என்றான். என் முகத்தைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அதை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான். எனக்கு அவன் மேல் வருத்தமில்லை, அவன் வேலையைச் சரியாகச் செய்தான்.

அறிவுச்செல்வியிடமும் சொல்லிவிட்டீர்கள் என்று தெரியும். அவள் அழவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினாள் என்றீர்கள். அறுக்காமல் விட்டிருந்தால் உடைந்திருக்குமா என்று கேட்டாளாம். அதற்குச் சென்னைத் தடயவியல் ஆபீசிலிருந்து வந்த ஆள் ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார். முக்கால் பங்கு அறுத்த பிறகும் பைகளோடு எழுபது வளைவு ஏறி, இருபத்தொன்பது வளைவு இறங்கும் வரை தாங்கிய பொருள், சும்மா விட்டிருந்தால் அவள் ஆயுசுக்கும் வந்திருக்கும் என்று. அந்த ஆள் ஒரு நாளாவது பட்டறையில் நின்றிருக்கிறாரா? கேட்டுச் சொல்லுங்கள்.

என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. அறுத்தது நான். தெரிந்தே 'சரி' சொன்னது நான். மலை மேலே கையால் தொட்டுப் பார்த்து, ஆடுகிறது என்று தெரிந்தே அவளை இறக்கிவிட்டதும் நான். எந்தக் கோர்ட்டிலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன்.

ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் 'சைக்கிளின் ஃபோர்க்கை அறுத்து' என்று இருக்கிறது. அதை 'ஏற்கெனவே பலமில்லாத ஃபோர்க்கை' என்று மாற்றச் சொல்லுங்கள், மேடம். மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன்.